கடைசியிலிருந்து நகர்த்தியிருக்க வேண்டும்

மகனே,

இதை அலுவலகத்தில் வைத்துத் திறந்திருந்தால் மூடிவிடு. அறைக்குப் போய், வயிற்றுக்கு ஏதாவது போட்டுவிட்டுப் பிறகு வாசி. அம்மாவுக்கு உடம்புக்கு ஒன்றுமில்லை, எனக்கும் இல்லை, கல்யாண மண்டபக்காரர் கடைசி நேரத்தில் காலை வாரிவிடவும் இல்லை. போனில் சொல்லியிருக்கலாமே என்று கேட்பாய். நான்கு நாளாகப் போனை எடுப்பதும் வைப்பதுமாகத்தான் இருக்கிறேன். போனில் சொன்னால் பாதியிலேயே நீ "சரிப்பா, விடுங்கப்பா" என்று சொல்லிவிடுவாய். அந்த ஒரு சொல்லைப் பிடித்துக்கொண்டு நான் தப்பித்துவிடுவேன். தப்பிப்பதில் எனக்குப் பதினோரு வருடப் பழக்கம். அதனால்தான் பட்டப்பகலில் குளச்சல் கடையின் ஷட்டரைப் பாதி இறக்கிவிட்டு, யார் தட்டினாலும் காது கேட்காதவன்போல, உட்கார்ந்து தட்டச்சு செய்துகொண்டிருக்கிறேன். உட்கார்ந்து என்று சொல்வதுகூடச் சரியில்லை. ஐந்து வரிக்கு ஒரு தடவை எழுந்து பேருந்து நிலையம் வரை நடந்துவிட்டு வருகிறேன். வந்து பார்த்தால் எழுதியதை அழித்துவிடத் தோன்றுகிறது. அழிக்காமல் மேலே எழுதுகிறேன்.

விஷயம் உன் பெனிலாவைப் பற்றியது. அவளிடம் எந்தக் குறையும் இல்லை, குறையெல்லாம் என்னிடம். போன ஞாயிற்றுக்கிழமை ஆராதனை முடிந்து அவளும் அவள் அம்மாவும் நம் வீட்டுக்கு வந்திருந்தார்கள். அம்மாக்கள் இருவரும் சேலை, பந்தல், சாப்பாடு என்று பேசிக்கொண்டிருக்கும்போது அவள் எழுந்து முற்றத்துக்கு வந்தாள். நான் தண்ணீர்த் தொட்டியின் குழாயைச் சரிசெய்துகொண்டிருந்தேன். "மாமா, ஒண்ணு கேக்கட்டா? கல்யாணத்தண்ணைக்கு காலத்த எங்க வீட்டு ஜெபம் நீங்க பண்ணுவியளா?" என்றாள். உனக்குத் தெரியும், அன்று காலையில் பெண் கோயிலுக்குக் கிளம்புமுன் அப்பா அவள் தலையில் கைவைத்துச் செய்கிற ஜெபம் அது. மாப்பிள்ளையின் அப்பா அந்த நேரத்தில் பெண் வீட்டுக்குப் போகிற வழக்கமே நம்மிடம் கிடையாது. நான் தயங்குவதைப் பார்த்து அவளே சொன்னாள்: "சித்தப்பா எல்லாம் வேண்டாம். அக்கா கல்யாணத்துக்கு அப்பா பண்ணின ஜெபம் வீடியோவுல கெடந்துது, கேமராக்காரரு அழிச்சுப் போக்கிட்டாரு. நீங்க அதத் திருப்பி எடுக்க மூணு நாளு ஊணு உறக்கம் இல்லாம பாத்தியளாம், அம்மா எப்பமும் சொல்லும். அப்பாக்க சத்தம் இப்பம் எனக்கு ஞாபகமே இல்ல மாமா. நீங்க பண்ணுனா போரும்."

நான் "சரி மக்கா" என்றேன்.

கேமராக்காரர் அதைப் போக்கவில்லை, மகனே. நான்தான் போக்கினேன். மூன்று நாள் நான் பார்த்தது உண்மை. எதைப் பார்த்தேன் என்பதைத்தான் யாரிடமும் சொல்லவில்லை. இன்னும் மூன்று வாரத்தில் அந்தப் பெண்ணின் தலையில் கைவைத்து, அவள் அப்பாவின் இடத்தில் நின்று, நான் கர்த்தரைக் கூப்பிட வேண்டும். இதைச் சொன்னால் உன் கல்யாணம் நின்றுபோகுமோ என்ற பயம் ஒரு பக்கம். சொல்லாமல் அவள் தலையில் கைவைத்தால் பிறகு உன் முகத்தை எப்படிப் பார்ப்பேன் என்ற பயம் மறுபக்கம். இரண்டுக்கும் நடுவில்தான் இந்த நான்கு நாளும் ஓடியது.

நடந்ததை ஒழுங்காகச் சொல்கிறேன். உனக்குத் தெரிந்த தொழில்நுட்பத்தையே நான் விளக்கினால் கொட்டாவி விடாதே. இதை நீ பெனிலாவிடம் காட்டினால் அவளுக்கும் புரிய வேண்டும். சவூதியில், தம்மாமில் நான் ஒரு கட்டடத்தின் கண்காணிப்புக் கேமரா அறையில் வேலை பார்த்தது உனக்குத் தெரியும். அங்கே ஒரு தடவை பதிவுக் கருவியின் கடிகாரம் ஒரு மணி நேரம் பிந்திப்போய், ஒரு மாதப் பதிவு முழுக்கத் தப்பான நேரத்தோடு இருந்தது. ஒவ்வொரு கோப்பும் மலைபோல் பெரியது. கூட இருந்தவர்கள் அதை அப்படியே திறக்கப் பார்த்தார்கள், கணினி மூச்சுத் திணறி நின்றது. நான் அப்போதுதான் பைத்தான் நிரல்மொழி படித்துக்கொண்டிருந்தேன். கோப்பு எவ்வளவு பெரியதாக இருந்தால் என்ன, அதை முழுக்க விழுங்க வேண்டியதில்லை என்று எனக்குத் தெரிந்திருந்தது. கோப்பு என்பது வரிசையாக அடுக்கிய எண்கள்தானே. நேரம் எந்த இடத்தில் எழுதியிருக்கிறது என்று கணக்குப் போட்டு, 'சீக்' சொல்லி நேராக அங்கே குதித்து, எட்டு பைட்டை மட்டும் மாற்றி எழுதிவிட்டு, அடுத்த இடத்துக்குக் குதிக்கிற மாதிரி இருபது வரியில் ஒரு ஸ்கிரிப்ட் எழுதினேன். நடுவில் இருக்கிற கோடிக்கணக்கான பைட்டுகளைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. பத்து நிமிடத்தில் ஒரு மாதமும் சரியாயிற்று. மேலாளர் தோளில் தட்டினார். அன்று ஏறிய கர்வம் ஊருக்கு வந்து இந்தக் கடையைத் திறந்த பிறகும் இறங்கவில்லை. போன கார்டு, செத்த டிஸ்க் எல்லாம் கொண்டு வருகிறவர்களிடம், "நகல் எடுத்து, அதில வேல பாத்து, திருப்பி எழுதி... அதுக்கெல்லாம் நேரம் யாருக்குடே இருக்கு? நேரா அதிலேயே பாத்துருவோம்" என்று பீற்றிக்கொள்வேன். அந்தப் பேச்சைக் கேட்கவே சிலர் வருவார்கள்.

அப்படித்தான் ஞானமணி சார் வந்தார். பெனிலாவின் அப்பா. பேச்சிப்பாறைப் பக்கம் ரப்பர் தோட்டத்தில் மேற்பார்வையாளராக இருந்தவர், மெதுவாகப் பேசுகிற மனிதர். கூடவே கடியப்பட்டணம் சிலுவைதாசன், கேமராக்காரர், என் வயதுக்காரர்தான். மூத்த மகள் கல்யாணத்தன்று வீட்டு ஜெபம் தொடங்கி, பெண் காரில் ஏறுகிறவரைக்கும் சிலுவைதாசன் நிறுத்தாமல் ஒரே ஓட்டமாக எடுத்திருந்தார். கார் கிளம்பியதும் பின்னாலேயே ஓடியதில் கேமரா கைநழுவி விழுந்து பாட்டரி கழன்றுபோயிற்று. கோயிலில் எடுத்ததெல்லாம் வேறு கோப்பு, அது நன்றாக இருந்தது. வீட்டில் எடுத்த அந்த ஒன்றேகால் மணி நேரம் மட்டும் திறக்கவில்லை. மூத்த மகளும் மருமகனும் நான்காம் நாள் துபாய்க்கு விமானம் ஏற வேண்டும். அதற்குள் சரிசெய்து கொண்டுபோகக் கொடுக்க வேண்டும் என்று சார் கேட்டார். நம் ஊரில் எல்லாமே கல்ப்காரர்களின் லீவுக்குள் நடந்து முடிய வேண்டுமே.

கார்டைப் போட்டுப் பார்த்ததும் எனக்குச் சிரிப்புதான் வந்தது. அவ்வளவு எளிய கோளாறு. படமும் சத்தமும் அப்படியே இருந்தன, பன்னிரண்டு ஜிபி. எந்தப் படம் எங்கே தொடங்குகிறது என்று சொல்கிற அட்டவணையைக் கேமரா கடைசியில்தான் எழுதும். பாட்டரி போனதால் அதை எழுதாமலே நின்றுவிட்டது. அதே கேமராவின் நல்ல கோப்பு ஒன்றைப் பார்த்து அந்த அட்டவணையை நானே தயாரித்துவிட்டேன், நான்கு எம்பி இருந்தது. அதைக் கோப்பின் கடைசியில் ஒட்டியிருந்தால் ஒரு பைட்டும் நகர வேண்டியதில்லை, ஐந்து நொடி வேலை. ஆனால் அட்டவணை முன்னால் இருந்தால் இணையத்தில் அனுப்பும்போது இறங்க இறங்கவே படம் ஓடத் தொடங்கும். துபாயில் இருப்பவர்கள் பார்த்து அசந்துபோவார்கள், யார் செய்தது என்று கேட்பார்கள். எனக்கு அந்தக் கேள்வி வேண்டியிருந்தது. கடை டிஸ்க்கில் இடமில்லை, பழையதைக் கழித்துப்போட நேரமில்லை. நகல் எடுக்கவில்லை. கார்டிலேயே, அந்தக் கோப்பின் மேலேயே கை வைத்தேன்.

முன்னால் நான்கு எம்பி இடம் வேண்டுமானால் பின்னால் இருக்கிற பன்னிரண்டு ஜிபியும் நான்கு எம்பி நகர வேண்டும். நம் சபையில் கிறிஸ்துமஸ் ஆராதனைக்குத் தாமதமாக வருகிறவருக்கு பெஞ்சின் இந்த ஓரத்தில் இடம் விடுவதில்லையா? அந்த ஓரத்துக் கடைசி ஆள் முதலில் நகர வேண்டும், பிறகு அவருக்கு இப்பால் இருப்பவர், அப்படியே வரிசையாக. இந்த ஓரத்து ஆள் முதலில் நகர்ந்தால் பக்கத்து ஆளின் மடியில்தான் உட்காருவார். மனிதர் என்றால் அந்தப் பக்கத்து ஆள் கத்துவார். பைட்டு கத்தாது, அழிந்துபோகும். நான் ஒவ்வொரு எம்பியாக எடுத்து நான்கு எம்பி தள்ளி எழுதும்படி, திரும்பத் திரும்ப ஓடுகிற ஒரு வளையம் எழுதினேன். கடைசியிலிருந்து தொடங்க வேண்டிய வளையத்தை முதலிலிருந்து தொடங்கினேன். முதல் நான்கு எம்பி அடுத்த நான்கின் மேல் விழுந்தது. பிறகு அடுத்ததை எடுக்கும்போது அங்கே இருந்தது அதுவல்ல, முதல் நான்கின் நகல். அதையே எடுத்து அதற்கடுத்த இடத்தில் எழுதியது. எந்தத் தவறுச் செய்தியும் வரவில்லை. ஏன் வரும்? நான் சொன்னதைத்தானே அது செய்தது. ஓடவிட்டுவிட்டு நான் எதிர்க் கடைக்குச் சாயா குடிக்கப் போனேன். அங்கே இருந்தவர்களிடம் நகல் எடுக்காமலே வேலை பார்க்கிற சூட்சுமத்தைப் பற்றி விளக்கிக்கொண்டிருந்தேன். இதை எழுதும்போது காது சுடுகிறது.

திரும்பி வந்து படத்தை ஓட்டினேன். ஞானமணி சார் வீட்டு வாசலில் நின்று நாற்காலியை நகர்த்திவிட்டு, கேமரா பக்கம் திரும்பி, ஏதோ சொல்ல வாயைத் திறக்கிறார். ஒன்றரை நொடி. மறுபடியும் திரும்புகிறார், வாயைத் திறக்கிறார். மறுபடியும். ஒன்றேகால் மணி நேரக் கோப்பு முழுக்க அதுதான், மூவாயிரம் தடவை. ஜெபம் இல்லை. அவர் கை மகளின் தலையில் இருக்கிற படம் இல்லை. மூன்று நாள் நான் ஊணும் உறக்கமும் இல்லாமல் தேடியது, மேலெழுதிப் போன இடத்தில் பழைய பைட்டு ஒன்றாவது மிஞ்சியிருக்காதா என்றுதான். மிஞ்சவில்லை.

நான்காம் நாள் காலையில் சார் வந்தார். நான் சொல்ல வேண்டிய வாக்கியம் தொண்டைவரை வந்தது. வாயிலிருந்து வெளியே வந்தது வேறு. "கேமரா விழுந்ததுல கார்டு செத்துப் போச்சு சார். கொண்டு வரும்பமே போயிற்று" என்றேன். அவர் என் கண்ணைப் பார்த்தார். என் முகம் மூன்று நாள் உறங்காத முகம், அதைப் பார்த்து இரக்கப்பட்டார். "போட்டும் சாரே. அந்த ஜெபத்தக் கேக்க வேண்டியவரு கேட்டாச்சு. நீங்க போய் உறங்குங்க" என்று என் முதுகைத் தடவிவிட்டுப் போனார். ஒரு மாதம் கழிந்து, கொஞ்சம் கூடுதலாகவும் இருக்கலாம், ரப்பர் தோட்டத்திலேயே நெஞ்சைப் பிடித்துக்கொண்டு விழுந்து இறந்துபோனார்.

அடக்கத்துக்கு நான் போயிருந்தேன். பெனிலா அப்போது பள்ளிக்கூடச் சீருடையில் வாசலில் நின்றிருந்தாள். அவள் அம்மா கூட்டத்தில் சிலுவைதாசனைப் பார்த்துவிட்டு எழுந்து, "எனக்க மனுசனுக்க சத்தத்தையும் கொண்டு தொலச்சுப் போட்டிட்டியேடா பாவி" என்று தலையில் அடித்துக்கொண்டார்கள். எல்லோரும் அவரைத் திரும்பிப் பார்த்தார்கள். நானும் திரும்பிப் பார்த்தேன். மகனே, என் வாழ்க்கையில் நான் செய்த எத்தனையோ மடத்தனத்தை நீ மன்னிக்கலாம், அந்த ஒரு திரும்பலை மன்னிக்காதே. அதற்குப் பிறகு அந்தப் பக்கத்துச் சபைகளில் யாரும் சிலுவைதாசனைக் கல்யாணத்துக்குக் கூப்பிடவில்லை. அவர் கேமராவை விட்டுவிட்டுக் குளச்சல் துறைமுகத்தில் மீன் ஏலத்துக்கு வந்துவிட்டார். என் கடையிலிருந்து நடந்தால் பத்து நிமிடம். பக்கத்தில் இவ்வளவு பெரிய துறை இருக்கும்போது இந்த மனிதன் ஏன் தினமும் மணவாளக்குறிச்சிச் சந்தைக்குப் போய் வாடிய மீனை வாங்கி வருகிறான் என்று உன் அம்மா திட்டுவாளே, இப்போது காரணம் தெரிந்திருக்கும்.

நீ பன்னிரண்டாம் வகுப்பு லீவில் கடைக்கு வந்து உட்கார்ந்தபோது உனக்கு நான் முதலில் சொல்லிக்கொடுத்தது என்ன? "முதல்ல நகல் எடு. நகல்ல கை வை. அசலைத் தொடாதே." நீ எங்கே வேலைக்குப் போனாலும் இதைச் சொல்வதாகவும், உன் கூட வேலை பார்ப்பவர்கள் இதை அப்பா விதி என்றே கூப்பிடுவதாகவும் போன வருடம் சொன்னாய். எனக்குச் சந்தோஷப்படத் தெரியவில்லை, சாப்பிட்ட கையைக் கழுவ எழுந்துபோய்விட்டேன். ஜாக்கிரதையான ஆள் என்று நீ என்னை நினைத்திருக்கிறாய். ஒருவர் வீட்டுப் பொருளைக் கெடுத்த பிறகு வந்த ஜாக்கிரதை அது. இன்னொன்றும் சொல்லிவிடுகிறேன். பெனிலாவைப் பற்றி நீ சொன்ன அன்று, வீடு தூரம், மலைப் பக்கம் மழைக்குப் போய்வர முடியாது, அவள் வேலை சரிப்படாது என்று நான் என்னென்னவோ தடை சொன்னேன் அல்லவா? நீ இரண்டு மாதம் என்னோடு சரியாகப் பேசவில்லை. பிடிவாதக்கார அப்பா என்று நினைத்தாய். அது பிடிவாதம் இல்லை, பயம். அந்த அம்மா உடனே சம்மதித்ததற்குக் காரணம்கூட, "அன்னைக்கு எங்களுக்காக அவ்வளவு பாடுபட்ட மனுசன்" என்பதுதான். என் பொய்யின் மேல் உன் கல்யாணம் எழுந்து நிற்கிறது. இதை வேறு எப்படிச் சொல்வதென்று எனக்குத் தெரியவில்லை.

புதன்கிழமை உன் அம்மாவிடம் சொன்னேன். தேங்காய் துருவிக்கொண்டிருந்தவள் கையை நிறுத்தவில்லை. "கூட கெடந்த எனக்குப் பதினோரு வருசமா சொல்லல, இப்பம் எதுக்கு கிளறுதிய? கல்யாணம் கழியட்டு, பொறவு மெதுவா சொல்லலாம்" என்றாள். கொஞ்ச நேரம் கழித்து, துருவல் சிவந்திருப்பதைப் பார்த்தேன். விரல் கீறிப்போயிருந்தது. அவள் சொன்னது பயத்தில் சொன்னது, உன்மேல் உள்ள பாசத்தில் சொன்னது. குறை சொல்லாதே. எனக்கும் அந்த யோசனை இனிக்கத்தான் செய்தது. ஒரு நாள் முழுக்க அதை வாயில் போட்டுச் சப்பிக்கொண்டிருந்தேன்.

வியாழக்கிழமை காலையில் கடியப்பட்டணம் போனேன். சிலுவைதாசன் வீட்டு முன்னால் பெட்டியில் ஐஸ் கொட்டிக்கொண்டிருந்தார். தலை முழுக்க நரைத்திருந்தது. என்னைப் பார்த்ததும், "ஓய் சாரே, வழி தப்பி வந்தீரா?" என்றார். நான் நின்றபடியே சொன்னேன். அட்டவணை, வளையம், சாயா எல்லாவற்றையும் சொன்னேன். அவர் ஐஸைக் கொட்டி முடித்து, சாக்கை உதறி மடித்து வைத்தார்.

"எனக்குத் தெரியும்," என்றார்.

"எப்பிடி?"

"உம்ம கையில தரும்ப அதுல பன்னெண்டு ஜிபி கெடந்துது, நான் பாத்துட்டுதான் தந்தேன். ஞானமணி சாரு கார்டத் திருப்பித் தந்த பொறவு வீட்டுல போட்டுப் பாத்தேன். சாரு திரும்புதாரு, திரும்புதாரு, திரும்பிட்டே இருக்காரு. கேமரா கீழ விழுந்தா அப்பிடியா ஆவும்?"

"பொறவு ஏன் ஒண்ணும் சொல்லல?"

"எங்க வச்சு சொல்ல? சாரு பெட்டிக்குள்ள கெடக்காரு, அம்மா கண்ணீரு வடிச்சுக் கரையுதாவ. அங்ஙன நிண்ணு, நான் இல்ல, அந்தா நிக்காரே அவருதான்னு கைய நீட்டவா? நீரே சொல்லுவீருன்னு இருந்தேன். ரெண்டு வருசம் இருந்தேன். பொறவுதான் கேமராவ வித்தேன்."

அவர் குரலை உயர்த்தவே இல்லை. உயர்த்தியிருந்தால் எனக்கு வசதியாக இருந்திருக்கும். மன்னிச்சிரும் என்று கேட்டேன். "என்ட்ட கேட்டா ஆச்சா? அந்தப் பிள்ளைட்ட போய்ப் பறயும்" என்று சொல்லிவிட்டு அடுத்த பெட்டியைத் திறந்தார். நான் போகாமல் நின்றுகொண்டிருப்பதைப் பார்த்து, "மீனு வேணுமா?" என்றார். அரைக் கூடை சாளை மீனோடு வீட்டுக்கு வந்தேன். பதினோரு வருடத்தில் முதல் தடவையாக வாடாத மீனைப் பார்த்து உன் அம்மா கையை நீட்டி வாங்கிக்கொண்டாள்.

இதுவரை எழுதியதை நேற்று உனக்கு அனுப்ப எடுத்தேன். எடுத்துவிட்டு நிறுத்தினேன். உன்னிடம் முதலில் சொல்லி, நீ அவளிடம் சொல்லி, நீ எனக்காக நான்கு நல்ல வார்த்தை சேர்த்து... அதுவும் ஒரு தப்பித்தல்தான் என்று பட்டது. இன்று சனிக்கிழமை, காலையிலேயே பெனிலா வீட்டுக்குப் போகக் குலசேகரம் பேருந்தில் ஏறினேன். மழை. ஜன்னல் ஷட்டரை எல்லோரும் இறக்கிவிட்டதால் எங்கே இறங்குவது என்றுகூடத் தெரியாமல் ஒரு நிறுத்தம் தாண்டி இறங்கி, நனைந்துகொண்டே திரும்பி நடந்தேன். இப்போது எல்லாம் முடிந்து, பேருந்து நிலையத்து இருக்கையில் உட்கார்ந்து போனில் மீதியை அடிக்கிறேன். எழுத்துப் பிழை இருந்தால் பொறுத்துக்கொள்.

பெனிலாவும் அவள் அம்மாவும் மட்டும்தான் வீட்டில் இருந்தார்கள். அம்மா பால் விடாத கட்டன் சாயா கொண்டுவந்து வைத்தார்கள். தொடாமல் சொன்னேன். பெஞ்சில் ஆள் நகர்கிற கதையையும் சொன்னேன், அவர்களுக்குப் புரிய வேண்டும் என்று. அடக்கத்தன்று நான் திரும்பிப் பார்த்ததைச் சொல்லும்போது அம்மா எழுந்து உள் அறைக்குப் போய்க் கதவைச் சாத்திக்கொண்டார்கள். பெனிலா உட்கார்ந்தே இருந்தாள். என்னிடம் இருந்த அந்த ஒன்றரை நொடியை ஒரு பென்டிரைவில் போட்டுக் கொண்டுபோயிருந்தேன். மேஜைமேல் வைத்தேன். அவள் அதை எடுக்கவில்லை.

"எவ்வளவு நேரம் ஆச்சு?" என்று கேட்டாள்.

"என்னது மக்கா?"

"அப்பா அழியதுக்கு."

"இருவது நிமிசம்."

"நீங்க அப்பம் பக்கத்துல இருந்தியளா?"

"இல்ல. சாயா குடிக்கப் போயிருந்தேன்."

அவள் என் முன்னால் இருந்த சாயாவைப் பார்த்தாள். அதை எடுத்துக்கொண்டுபோய் அடுக்களையில் ஊற்றிவிட்டு, கண்ணாடி டம்ளரைக் கழுவி வைத்துவிட்டு வந்தாள். வந்து என் எதிரில் நின்று சொன்னதை, ஒரு சொல் விடாமல் உனக்கு எழுதுகிறேன். "இதக் கல்யாணத்துக்குப் பொறவு சொல்லியிருந்தியன்னா நான் மன்னிச்சே ஆவணும் மாமா. ஒரே வீட்டுல இருந்துட்டு வேற என்ன செய்ய? இப்பம் சொன்னதுனால எனக்கு மன்னிக்காம இருக்கலாம்."

சரி என்றேன். கல்யாணம் என்று நான் தொடங்கியதும் கையைக் காட்டி நிறுத்தினாள். "அது எனக்கும் உங்க மகனுக்கும் உள்ள காரியம். அவன்ட்ட நான் பேசிக்கிடுதேன். அதுக்கும் இதுக்கும் ஒரு பந்தமும் இல்ல." ஆகவே மகனே, கல்யாணம் நடக்கும் என்றுதான் நினைக்கிறேன். அவள் கூப்பிடும்போது நீ கேள். எனக்காக ஒரு வார்த்தை பேசாதே. உன் அப்பா பாவம், வயதாகிவிட்டது, மனதறிந்து செய்யவில்லை என்றெல்லாம் உனக்குச் சொல்லத் தோன்றும். கோப்பைக் கெடுத்தது வேண்டுமானால் அறியாமல் செய்தது. மற்றதெல்லாம் அறிந்தே செய்தேன். அவள் கோபப்படுவதற்கு இடம் விட்டு நீ நகர்ந்துகொள். அவளுக்கு அது ஒரு மாதம் வேண்டுமோ பத்து வருடம் வேண்டுமோ, அவசரப்படுத்தாதே. நீ என்மேல் கோபப்படுவதையும் அப்படியே நான் பொறுத்துக்கொள்வேன். கோபத்தில் லீவை மட்டும் தள்ளிப்போடாதே, உன் அம்மா தாங்க மாட்டாள்.

நான் கிளம்ப எழுந்தபோது உள் அறைக் கதவு திறந்தது. அந்த அம்மா முகம் கழுவி, சேலை மாற்றி, குடையோடு நின்றார்கள். என்னைப் பார்க்கவில்லை, மகளிடம்தான் பேசினார்கள். "கடியப்பட்டணத்துக்கு எந்த பஸ்ஸுடீ? அந்த மனுசனுக்க வீட்டுல போய்க் காலப் பிடிக்கணும். கேமரா இல்லேங்கிலும் எங்கயாவது வாங்கிட்டு அவருதான் கல்யாணத்த எடுக்க வரணும்." பெனிலா செருப்பைத் தேடினாள். அப்படியானால் ஜெபம் யார் செய்வது என்று நான் கேட்கவில்லை. அந்த அம்மாவே வாசல்படியில் நின்றுகொண்டு, "ஜெபம் நான் பண்ணுதேன்" என்றார்கள். சபையில் நாலு பேர் முன்னால் ஒரு தடவைகூட வாய்விட்டு ஜெபித்திராதவர்கள்.

நான் மழையில் இறங்கி கேட்டுக்குப் பக்கம் போய்விட்டேன். அன்றைக்கு நான் அந்த வீட்டுப் பக்கமே வராமல் நேராகக் கோயிலுக்குப் போய்விடுகிறேன், அதுதான் எல்லோருக்கும் நல்லது என்று சொல்லத் திரும்பினேன். உண்மையைச் சொன்னால், அப்போதும் தப்பிக்கத்தான் வழி பார்த்தேன். நான் வாய் திறக்குமுன்பே பெனிலா குடையை விரித்துக்கொண்டே சொன்னாள்:

"நீங்க வரணும் மாமா. அம்மா ஜெபம் பண்ணி முடியது வர, எங்கயும் போவாம, நின்னு முழுசும் கேக்கணும்."

அப்பா